தொழுகை நேரத்தில் விழுந்த மீன்

துபாயில் கிரீக் என்று சொல்வது கடல்தான். ஊருக்கு நடுவே ஆறு மாதிரி வளைந்து உள்ளே வருகிறது. குளிர்காலத்தில் ஏற்றத் தண்ணீர் புகும் நேரம் மீனும் சேர்ந்து வரும். அந்த நேரத்தில், தூண்டில் போட அனுமதி உள்ள கொஞ்ச தூரக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. ஒருவர் முழங்கை அடுத்தவர் விலாவில் இடிக்கும். மலையாளி, பெங்காலி, பிலிப்பினோ, எகிப்துக்காரர் என்று எல்லோரும் ஒரே கோடாக நிற்பார்கள். அந்தக் கோட்டில் சேலை கட்டிய கிழவி நான் ஒருத்திதான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கூச்ச சுபாவம். கராமாவில் மகன் வீட்டுக்கு வந்த புதிதில், லிஃப்டில் வேறு யாராவது இருந்தால் ஏறாமல் அடுத்த தடவைக்குக் காத்து நிற்பேன். மகனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடிக்கிற பழக்கம் இருந்தது. "வீட்ல தனியா என்னத்தை பண்ணப் போறீங்க, வாங்க அத்தை" என்று மருமகள் கூப்பிட்டுக்கொண்டு போனாள். முதல் இரண்டு வாரம் காரை விட்டு இறங்கவில்லை. மூன்றாவது வாரம் மகன் ஒரு கைத்தூண்டிலைக் கொடுத்து, "சும்மா பிடிச்சுக்கிட்டு நில்லும்மா, பொழுது போகும்" என்றான்.

நின்றேன். அது எனக்குப் பிடித்துப்போனது. அவ்வளவு கூட்டத்தில் யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. எல்லோரும் தண்ணீரைத்தான் பார்க்கிறார்கள். கூச்சப்படுகிறவளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

எழுதி வைக்காத சட்டம் அங்கே நிறைய இருந்தது. நேராகத்தான் எறிய வேண்டும். ஒருவருக்குப் பெரிய மீன் விழுந்தால் அவர் "யல்லா, யல்லா" என்று குரல் கொடுப்பார், பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் தங்கள் நூலைத் தூக்கி வழிவிட வேண்டும். நூல் சிக்கிக்கொண்டால் பிந்தி எறிந்தவர்தான் அறுத்துக்கொள்ள வேண்டும். சாயங்காலப் பாங்கு சொன்னதும் தொழுகிறவர்கள் தூண்டிலைப் பக்கத்தில் நிற்பவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்னால் புல்தரைக்குப் போவார்கள். அந்த நேரத்தில் என்ன விழுந்தாலும் அது தூண்டிலுக்கு உரியவருடையது. எடுத்து அவர் பையில் போட்டுவிட வேண்டும். இதில் யாரும் தப்பு செய்து நான் பார்த்ததில்லை.

எனக்கு இடது பக்கத்தில் ஒருவர் நிற்பார். ராமநாதபுரம் பக்கத்து ஆள், டயர் கடையில் வேலை. ஞாயிறு மத்தியானத்துக்கு மேல்தான் அவருக்கு லீவு. காலித் தண்ணீர் பாட்டிலில் நூலைச் சுற்றி வைத்திருப்பார். கார் சக்கரத்தில் ஒட்டுகிற ஈயத் துண்டைத்தான் நூலில் கனத்துக்குக் கட்டியிருப்பார். முதல் நாளே என் நூல் அவர் நூலோடு சிக்கிக்கொண்டது. நான் பதறிப்போய் இன்னும் இழுத்தேன். அவர் உட்கார்ந்து கால்மணி நேரம் பிரித்தெடுத்தார். பிந்தி எறிந்தவள் நான்தான், ஆனாலும் அறுக்கச் சொல்லவில்லை.

"பயப்படாதீங்கம்மா. சண்டை போடுறது நூலுதான், நாம இல்ல."

தன் ரூமில் சமைக்கும்போது மிஞ்சுகிற கோழித் தோலைத்தான் அவர் இரையாகக் கோப்பார். என் மகன் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய இறாலை எனக்குக் கொடுத்திருந்தான். அதைப் பார்த்துவிட்டு அவர் சிரிப்பார்.

"நாங்க ரூம்ல கண்ணால பாக்காத எறால நீங்க மீனுக்குப் போடுறீங்க. உங்க பக்கம் வர்றதெல்லாம் பணக்கார மீனும்மா."

"வந்தாத்தானே தம்பி" என்பேன். அவரிடம் மட்டும் எனக்குப் பேச்சு வந்தது.

நான் சொன்னது உண்மைதான். ஐந்து ஞாயிறு நின்றும் எனக்கு ஒரு மீன்கூட விழவில்லை. இறால்தான் போய்க்கொண்டிருந்தது. "அத்தை மீனுக்கு விருந்து வைக்கத்தான் வர்றாங்க" என்று மருமகள் கேலி செய்வாள். மகன் சிரிப்பான். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போது அது நினைவுக்கு வரும். எந்த வேலைக்கும் ஆகாதவளை நிற்க வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

ஆறாவது ஞாயிறு. பாங்கு சொன்னது. டயர் கடைத் தம்பி தன் நூலை என் இடது கை ஆட்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். பாட்டிலை என் காலடியில் வைத்தார்.

"பாத்துக்கிடுங்கம்மா. தொழுதுட்டு வந்துர்றேன்."

வலது கையில் என் நூல், இடது கையில் அவர் நூல். இதில் குழம்புவதற்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

இடது விரல் வெட்டுப்படுகிற மாதிரி இழுத்தது. என் நூலைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் அவர் நூலைப் பிடித்தேன். குரல் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. வலது பக்கத்தில் நின்ற பெங்காலிக்காரர்தான் பார்த்துவிட்டு, "யல்லா, அம்மா, யல்லா" என்று கத்தினார். வரிசை முழுவதும் நூலைத் தூக்கியது. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் இழுத்தேன். மேலே வந்தது விளமீன், என் விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் இருந்தது. பெங்காலிக்காரர் முள்ளைக் கழற்றி மீனை வாளியில் போட்டார். என் வாளிதான் பக்கத்தில் இருந்தது. எந்த நூல் யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

அதுவரைக்கும் நான் தப்பு ஒன்றும் செய்யவில்லை. வாளியிலிருந்து எடுத்து அவர் பையில் போட்டிருந்தால் முடிந்திருக்கும்.

டீ வாங்கப் போன மகன் வந்துவிட்டான்.

"அம்மா, நீயா பிடிச்ச?"

தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். அவன் டீயைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்தான். மீனைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னான். பக்கத்தில் இருந்தவர்களிடம் "மை மதர், மை மதர்" என்று காட்டினான். நான் அவன் ஆபீஸ் ஆட்கள் வீட்டுக்கு வந்தால் சமையலறையை விட்டு வெளியே வராதவள். நாலு பேருக்கு நடுவில் அவன் என்னைக் காட்டி இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரித்திருக்கிறேன் கூட. வீடியோவில் தெரிகிறது.

மருமகளைக் கூப்பிட அவன் காருக்கு ஓடினான். அந்த இடைவெளியில் நான் செய்தது இன்னும் மோசம். அவர் முள் வெறுமையாகக் கிடந்தது. என் டப்பாவிலிருந்து ஓர் இறாலை எடுத்துக் கோத்து, தண்ணீரில் எறிந்து, நூலை முன்பு இருந்த மாதிரியே விரலில் சுற்றிக்கொண்டேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் திருட்டு வேலை எவ்வளவு சுத்தமாக வந்துவிடுகிறது.

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே வந்தார்.

"ஏதாச்சும் கடிச்சுதாம்மா?"

"இல்ல தம்பி."

மகன் வந்து வாளியைச் சாய்த்துக் காட்டினான். "பாய், அம்மா பிடிச்சதப் பாத்தீங்களா?"

அவர் குனிந்து பார்த்தார். "மாஷா அல்லா. நல்ல வெளமீனு. கொழம்புக்கு அருமையா இருக்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தன் நூலை இழுத்து இரையைப் பார்த்தார். முள்ளில் இறால் இருந்தது. அதை விரலால் ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நம்ம தூண்டிலும் இன்னிக்குப் பணக்காரத் தூண்டிலாயிருச்சு போலம்மா."

கோபமாகச் சொல்லவில்லை. அந்த இறாலோடேயே திரும்ப எறிந்தார். அன்றைக்கு அவருக்கு ஒன்றும் விழவில்லை.

வீட்டில் குழம்பு வைத்தோம். நான்தான் புளி கரைத்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது பல் வலிக்கிறது என்று சொல்லி ரசம் ஊற்றிக்கொண்டேன். மகன் அந்த வீடியோவைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டிருந்தான். மதுரையிலிருந்து என் தங்கை குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "ஆத்தாடி, வாசல்ல வந்த மீன்காரிகிட்ட வெல கேக்கவே பயப்படுவா எங்கக்கா. இப்பக் கடல்லயே கைய வச்சுட்டா." மகன் அதை மூன்று தடவை சத்தமாக வைத்துக் கேட்டான். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

அந்த வாரம் முழுவதும் அவரிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தனியாக இருக்கும்போது சொல்லிவிட வேண்டும், மகன் காதில் விழக்கூடாது. அதுதான் என் திட்டம். அதிலும் எனக்கு என் மானம்தான் பெரிதாக இருந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு அவர் எப்போதும் போல "வாங்கம்மா" என்றார், நகர்ந்து இடம் கொடுத்தார். நல்ல கூட்டம். மகன் வலது தோளில் இடித்துக்கொண்டு நின்றான், அவனுக்கு அந்தப் பக்கம் பெங்காலிக்காரர். நான் சொல்லவில்லை. பொழுது சாய்ந்தது. பாங்கு சொன்னது.

என் இடது விரலை நான் நீட்டிவிட்டேன். பழக்கம்.

அவர் நூலை எடுத்துக்கொண்டு எனக்கும் மகனுக்கும் பின்னால் சுற்றிப் போய்ப் பெங்காலிக்காரரிடம் கொடுத்தார். "பாய், தேக்னா" என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார். பெங்காலிக்காரர் வாங்கி விரலில் மாட்டிக்கொண்டார். என் விரல் அப்படியே காற்றில் நின்றது. மடக்கிக்கொண்டேன். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், எல்லோரும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் என் காது இரண்டும் சுட்டன.

அவர் தொழுதுவிட்டுத் திரும்பி வந்ததும் சொல்லிவிட்டேன். மகன் பக்கத்தில்தான் நின்றான்.

"தம்பி, போன வாரத்து மீனு உங்க தூண்டில்ல விழுந்தது."

அவர் பாட்டிலில் நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தார். மகன்தான் திரும்பினான்.

"என்னம்மா சொல்ற?"

"அது நான் பிடிச்சது இல்ல. அவரு நூல்ல விழுந்தது."

மகன் முகம் மாறியது. அவரைப் பார்த்து, "சாரி பாய், தெரியாம எடுத்திருப்பாங்க. வயசாயிருச்சுல்ல, எது எந்த நூலுன்னு குழம்பிருப்பாங்க" என்றான். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான். நான் பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே நின்றிருக்கும். வயசான அம்மா, பாவம், குழம்பிவிட்டாள். ஒரு நிமிஷம் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளவும் பார்த்தேன்.

"தெரிஞ்சுதான் எடுத்தேன்" என்றேன்.

அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"தெரியும்மா" என்றார். "அன்னிக்கு ரூம்ல சமைக்கிற முறை என்னோடது. மீனு கொண்டாறேன்னு சொல்லிட்டு வந்திருந்தேன். அப்புறம் முட்டையப் போட்டு ஒப்பேத்திட்டேன். மத்தவனுக கொஞ்ச நேரம் ஓட்டுனானுக, அது எப்பவும் உள்ளதுதான்." நூல் நுனியைப் பாட்டிலில் செருகிவிட்டுச் சொன்னார். "கேட்டிருந்தீங்கன்னா நானே உங்க வாளியில போட்டிருப்பேன்."

மகன் வேறு மீன் வாங்கித் தருவதாகச் சொன்னான். "வேணாம் சார், இருக்கட்டும்" என்றார். பாய் என்று சொல்கிறவனுக்குச் சார் என்று பதில் வந்தது. மகனுக்கு அது புரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்குக் கீழே வந்து காரை நிறுத்தியபோது மகன் கேட்டான்.

"குரூப்ல எதுவும் சொல்லணுமாம்மா?"

"வேணாம்" என்றேன். இன்றுவரை சொல்லவில்லை. ஊரிலிருந்து போன் வந்தால் யாராவது அந்த மீனைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் பேச்சை மாற்றுகிறேன். கரையில் சொல்ல முடிந்ததை என் கூடப்பிறந்தவளிடம் சொல்ல முடியவில்லை.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் போனேன். போகாமல் இருந்தால் அவர் நூலை வேறு கைக்குக் கொடுப்பதை நான் பார்க்க வேண்டியிருக்காது. அது சுலபம். அதனால் போனேன். அவர் என்னிடம் பேசுவதைக் குறைக்கவில்லை. பாங்கு சொன்னதும் நூல் மட்டும் பெங்காலிக்காரர் கைக்குப் போனது.

ஒரு ஞாயிறு பெங்காலிக்காரருக்கு டியூட்டி. மகன் கூட்டத்தில் இடம் கிடைக்காமல் தூரத்தில் நின்றான். பாங்கு சொன்னது. அவர் வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். பிறகு நூலை முழுவதும் இழுத்துச் சுற்றி, பாட்டிலைப் பையில் போட்டு, பையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாகக் கிடந்தது. தூண்டில் கிடந்தால் யாரும் தொடமாட்டார்கள். இப்போது அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு பெரிய தூண்டிலோடு ஒருத்தன் உடனே வந்துவிட்டான், எந்த நாட்டுக்காரனோ. நான் ஒரு காலை என் இடத்திலும் ஒரு காலை அவர் இடத்திலும் வைத்தேன்.

அவன் இங்கிலீஷில் ஏதோ கேட்டான்.

"நமாஸ்" என்றேன். எனக்குத் தெரிந்தது அந்த மாதிரி ஒன்றிரண்டு சொல்தான். புல்தரையைக் கையால் காட்டினேன். "ஆத்மி. நமாஸ்."

அவன் கீழே பார்த்தான். பை இல்லை, தூண்டில் இல்லை. உதட்டைப் பிதுக்கினான். "மாஃபி ஆத்மி", ஆளே இல்லை என்று சொல்லித் தோளை நுழைத்தான். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. காலை மட்டும் எடுக்கவில்லை. "நமாஸ், நமாஸ்" என்று பைத்தியக்காரி மாதிரி அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவன் சலித்துக்கொண்டு வேறு பக்கம் போனான்.

அவர் வந்தபோது நான் காலை எடுத்துக்கொண்டேன். அவர் தன் இடத்தையும் என்னையும் பார்த்தார். பையிலிருந்து பாட்டிலை எடுத்தார்.

"இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்மா."

"ஆமா தம்பி."

கோழித் தோலைக் கோத்து நேராக எறிந்தார். அதற்கு அடுத்த வாரம் பெங்காலிக்காரர் வந்துவிட்டார், நூல் அவர் கைக்குத்தான் போனது. இது இரண்டாவது குளிர்காலம். இன்னும் அப்படித்தான்.