மர்த்தோ ரகம்

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த சற்று நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஒருமுறை இருமியது. பிறகு, இடுகாட்டுக் காவலர் வாகிஜோ காலமானார் என்றது. மறுநாள் வியாபாரத்துக்கு வேர்க்கடலை இடித்துக்கொண்டிருந்த பொனிராவின் கை நின்றுவிட்டது. மறுநாள் காலையில் அவள் குழந்தையின் கபரில் செடி நட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த இடம் எதுவென்று ஊரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

தலைமாட்டில் கல் வைக்க வசதியில்லாதவர்கள் புரிங் செடி வைப்பது அந்த ஊர் வழக்கம். மஞ்சளும் சிவப்பும் தெறித்த குரோட்டன்ஸ்தான். பச்சை இலை இருக்கும்வரை உள்ளே இருப்பவருக்குக் குளுமை என்பார்கள். இடுகாட்டுச் செடி என்பதால் எவரும் அதை வீட்டு வாசலில் வைத்ததில்லை. இலையைப் பார்த்தே இது இன்னாருடைய கபர் என்று வாகிஜோ சொல்லிவிடுவார்.

ஒருநாள் நகரத்துக்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கி, முறுக்கிய இலையுள்ள செடி ஒன்றைக் காட்டி அது என்ன என்று கேட்டார்.

"அதுவா, மர்த்தோ."

வாகிஜோ சொன்னது கீழே படுத்திருந்த மனிதரின் பெயரை. வந்தவர் ரகத்தின் பெயர் என்று எழுதிக்கொண்டு, செடியையும் வாங்கிப்போனார். ஆயுள் முழுக்கச் சண்டைச்சேவல் வளர்த்து ஒரு பந்தயம்கூட ஜெயிக்காத மர்த்தோ, செத்து இருபது வருடம் கழித்து நகரக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கினார். ஊர்த்தலைவர் பாராட்டுக் கூட்டம் போட்டார். மேடையில், பரிசுச் செடிக்குப் பக்கத்தில் நின்ற மர்த்தோவின் மனைவிக்கு மாலை விழுந்தது.

"உசுரோட இருந்தப்ப இந்த மனுசன் மூஞ்சியில இவ்ளோ களை நான் பாத்ததே இல்ல," என்றாள் அந்த அம்மாள்.

அதன்பின் யாருக்கும் தூக்கமில்லை. எங்கள் மாமனாருக்கு என்ன விலை வரும் என்று மருமகள்கள் விசாரித்தார்கள். துஷ்டச் செடி என்று முகம் சுளித்தவர்கள் அதையே வரவேற்பறையில் வைத்துத் துடைத்தார்கள். ஊர்த்தலைவர் முன்னேற்றத்தின் பேரால் மிச்சமிருந்த எல்லாவற்றையும் வேரோடு பெயர்த்து லாரியில் ஏற்றினார். பார்வைக்கு நன்றாயிருக்கட்டும் என்று மேடுகளையும் சமப்படுத்தினார். இரண்டு வருடத்தில் மோகம் வடிந்தது. பரிசுச் செடிகளை ஆடு மேய்ந்தது.

வாகிஜோ மட்டும் லாரி வருமுன்பே ஒவ்வொரு செடியிலும் ஒரு கொப்பை ஒடித்து வைத்திருந்தார். பால் வடிவது நிற்கும்வரை காத்திருந்து, துருப்பிடித்த டப்பாக்களில் மண்ணும் உமியும் கலந்து நட்டு, வீட்டுக்குப் பின்னால் நிழலில் வளர்த்தார். மோகம் வடிந்தபின் அந்தந்தக் கபரில் வரிசைப்படி நாளுக்கு ஒன்றாகத் திரும்ப நட்டுவந்தார். டப்பாவில் பெயர் எழுதச் சொல்லிப் பொனிரா எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள்.

"பேர் எழுதுனா மறுபடி வெல வந்துரும், பொன்."

"எம்புள்ளைக்குத்தான் பேரே வைக்கலையே சித்தப்பா. அதுக்குள்ள போயிருச்சே."

"அதனாலதான் அத எவனும் மொதல்ல கேக்கல. கடைசி லாரியிலதான் போச்சு. நாளைக்கு வந்துரு, அதோட மொறை."

அது அன்று விடியற்காலையில்.

பொழுது சாய்வதற்குள் அடக்க வேண்டும். குழி எங்கே வெட்டலாம் என்று கேட்டால் சொல்ல வேண்டியவரோ பாடையில் கிடந்தார். ஊர்த்தலைவர் கைகாட்டிய இரண்டு இடத்திலும் மண்வெட்டி யாரோ ஒருவரின் எலும்பில் பட்டது. மூன்றாவது இடம் வேலியோரம் கிடைத்தது. அங்கே நின்று ஊர்த்தலைவர் வாகிஜோவைப் புரிங் தந்தை என்று புகழ்ந்தார். அடுத்த புது ரகத்துக்கு அவர் பெயரையே வைக்கப்போவதாக அறிவித்தபோது கூட்டம் ஆமீன் சொன்னது.

பொனிரா வாகிஜோ வீட்டுக் கொல்லைக்குப் போனாள். டப்பாக்கள் ஐம்பதுக்கு மேல் இருந்தன. எல்லாம் இளந்தளிர். வெயில் படும்வரை நிறம் பிரியாது என்பதால் எல்லாம் ஒரே பச்சையாகத் தெரிந்தன. அவருடைய மனைவியிடம் கேட்டாள்.

"எங்கிட்ட எதையும் சொன்னதில்ல பொன். காலையில தண்ணி ஊத்திட்டு மம்பட்டிய எடுத்துட்டுப் போனாரு. திரும்பி வந்து, நெஞ்சு அடைக்குதுன்னு படுத்தாரு."

விடிந்ததும் அவள் இடுகாட்டுக்குப் போனாள். அவர் நட்ட செடிகள் மூன்றாவது வரிசையின் பாதிவரை நின்றன. கடைசிச் செடியிலிருந்து இரண்டடி தள்ளி, ஒரு சாண் ஆழத்தில் குழி ஒன்று இருந்தது. தோண்டிய மண்ணில் கட்டி உடைத்து, கல் பொறுக்கி, ஓரமாகக் குவித்திருந்தார். செடி வைத்திருக்கவில்லை.