பாயான் பாருவில் சுவர் ஏறக் கற்றது

பினாங்கின் பாயான் பாருவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வளர்ந்த மனிதர்கள் மலேசிய வெள்ளி கொடுத்துச் சுவர் ஏறுகிறார்கள். பழைய தொழிற்சாலைக் கொட்டகை ஒன்றின் உட்சுவரில் வண்ண வண்ணப் பிளாஸ்டிக் குமிழ்களைத் திருகி வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பிடித்துக் கூரைவரை போய், அங்கே ஒன்றுமில்லை என்று உறுதிசெய்துகொண்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறார்கள். முதுகுவலிக்கு நல்லது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னதை நம்பி நானும் ஆறு வார வகுப்பில் சேர்ந்தேன். யாழ்ப்பாணத்தில் பத்திரிகைச் செய்தி திருத்தியவன், இங்கே மின்னணுத் தொழிற்சாலையில் கையேடு திருத்துகிறேன். இரண்டு வேலைக்கும் முதுகுதான் மூலதனம்.

வீட்டுக்கு இதை எழுதவில்லை. ஊரில் எங்கள் வளவில் பதினேழு பனைகள் நின்றன. எங்கள் பரம்பரையில் எவரும் ஒன்றில்கூட ஏறியதில்லை. ஏறுவதற்கென்று ஒரு சாதியை ஒதுக்கிவைத்து, அவர்கள் எங்கள் கிணற்றைத் தொடாமல் பார்த்துக்கொள்வதே எங்கள் உழைப்பு. அவர்கள் இறக்கிய கள்ளில் மட்டும் தீட்டு இல்லை.

பயிற்றுநர் கலைவாணி, செபராங் ஜெயாவில் பிறந்து வளர்ந்த இளம்பெண். "கைய மடக்காதீங்க அண்ணே. கால நம்புங்க லா, கை சும்மா ஒட்டிக்கத்தான்" என்பாள். நான் ஐந்து வாரம் கையையே நம்பினேன்.

ஆறாவது வாரம் தேர்வு. உச்சியில் கையை விடவேண்டும். கூரைக் கம்பி வழியாக வரும் கயிற்றின் மறுமுனையை இடுப்பில் பூட்டிப் பிடித்துக் கீழே நிற்பவர் தாங்கவேண்டும். பிறகு இருவரும் இடம் மாறவேண்டும். மாலை வகுப்பிலிருந்து தேர்வுக்கு வந்த ராசன் என்பவரை என்னோடு சேர்த்தாள் கலைவாணி. "ரெண்டு பேரும் சிலோன்தானே. ஒரே ஊருக்காரங்க, பயம் இருக்காது."

ராசன் பருத்த உடம்புக்காரர். என் இடுப்பு முடிச்சைச் சரிபார்த்து, "இறுக்கம் காணுமோ அண்ணை, இன்னும் இழுக்கவோ?" என்றார். அந்தத் தமிழைக் கேட்ட மகிழ்ச்சியில், எங்கள் ஆட்கள் உலகின் எந்த விமான நிலையத்திலும் முதலில் கேட்பதை நானும் கேட்டேன்.

"ஊரில எவடம்?"

"வடமராட்சி."

"வடமராட்சியில எவடம்?"

இந்த இரண்டாவது கேள்வி சாதியை அறிவதற்கு. கேட்பவனுக்கும் தெரியும், கேட்கப்படுபவனுக்கும் தெரியும். ராசன் முடிச்சை இன்னொருமுறை இழுத்துப் பார்த்தார்.

"சுத்தி வளைக்காதேங்கோ. அப்பா சீவல் தொழில், பனை ஏறினவர். இப்ப ஏறுங்கோ, நயினார்."

அவருடைய ஆட்கள் எங்களை அப்படித்தான் அழைக்கவேண்டும் என்பது ஊரில் எழுதப்படாத சட்டம். "அண்ணே பேரு நயினாரா? பதிவுப் பாரத்துல வேற பேரு இருக்கே" என்றாள் கலைவாணி.

ஏறினேன். உச்சியை அடைந்தும் கை விடவில்லை.

"விடுங்க அண்ணே, அவரு பிடிச்சுக்குவாரு."

"விடமாட்டார் தங்கச்சி," என்றார் ராசன். "அவையள் லேசில ஒண்டையும் விடமாட்டினம்."

உயரத்துக்கு நான் அஞ்சவில்லை. அவர் இடத்தில் நான் நின்றிருந்தால் பிடித்திருப்பேனா என்று யோசித்தேன். கிடைத்த விடை திருப்தியாக இல்லை. கடைசியில் துணிவு வரவில்லை, முன்கை ஓய்ந்தது. விரல்கள் தாமாகவே கழன்றன. ஒரு சாணுக்குமேல் நான் விழவில்லை. அவர் கயிற்றை ஆரம்பத்திலிருந்தே இறுக்கித்தான் வைத்திருந்தார். கள்ளு முட்டி இறக்குவதுபோல் பதனமாக இறக்கினார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அதைப் பிறகு கதைப்பம். இப்ப என்னைப் பிடியுங்கோ."

பரம்பரைத் திறமையைப் பார்க்கப்போகிறேன் என்று நினைத்து அண்ணாந்து நின்றேன். ராசன் டத்தோ கிராமாட் சாலையில் ஒரு கணக்காளர். என்னைவிட மோசமாக, மூச்சிரைத்தபடி ஏறினார். என் எதிர்பார்ப்பு இன்னொரு அவமதிப்பு என்று உறைத்தபோது அவர் உச்சியைத் தொட்டுவிட்டார். கீழே பார்க்கவில்லை, என்னை எதுவும் கேட்கவில்லை. கைகளை விட்டார்.

அவர் கனம் என்னை இடுப்போடு தூக்கியது. பினாங்குத் தரை ஒரு முழம் கீழே போய்விட்டது. வடமராட்சி கூரைக்கருகில் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தபடி நான் இடையில் தொங்கினேன்.