வெளிர் மஞ்சளும் வெளிர் பச்சையும்

பாஸ்கர் பொய் சொல்கிறான். பழைய வேன் ஆபீஸ் ஆட்களும் அந்த வேன்களில் போய்வந்த பெண்களும் இருக்கிற வாட்ஸாப் குழுவில் நேற்று எழுதியிருக்கிறான்: "நம்ம ஆளு ஒருத்தன் கலர் தெரியாம பொம்பளைங்கள மழையில எறக்கி வுட்டான்ல!" கூடவே சிரிக்கிற பொம்மைகள். அந்த ஆள் நான்தான்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு வேன் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தேன். தொழிற்சாலைப் பெண்களைச் செய்யூர் பக்கம் கொண்டுபோய் விடும் வேன்கள். என் கம்ப்யூட்டர் சூடானால் தூசி கருகும் வாசனை வரும். இப்போதும் இஸ்திரிப் பெட்டியில் அந்த வாசனை வந்தால் பாஸ்கர் ஞாபகம்தான். அவன் எங்கள் செங்கல்பட்டு தலைமை ஆபீசில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரம் கடற்கரையில் வறுத்த மீன் தின்றுகொண்டே எனக்குக் கம்ப்யூட்டரில் பெயர்ப் பட்டியல் ஷீட் போடச் சொல்லிக்கொடுத்தவன். எனக்கு முள் எடுக்க வராது. அதையும் அவனே எடுத்துத் தருவான்.

ஷீட்டில் பெயர்களுக்குக் கலர் வைத்தது அவன் யோசனை. "எழுதினா எவன் படிக்கிறான் மச்சான், கலர் போட்டுடு." மஞ்சள் என்றால் மெயின் ரோட்டில் இறங்குபவர். பச்சை என்றால் வேன் ஊருக்குள் போகவேண்டும். அவன் ஷீட் அனுப்புவான். நான் பார்த்து டிரைவர்களுக்குச் சொல்வேன்.

பிறகு அவனுக்குப் புது சாஃப்ட்வேர் வந்தது. எனக்கு வரவில்லை. பழைய வெர்ஷனுக்கு மாற்றி அனுப்புவான். ஒருநாள் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று வெளிர் மஞ்சளும் வெளிர் பச்சையும் போட்டுவிட்டான். என் பழைய வெர்ஷனில் அந்த நிறங்களே கிடையாது. எல்லாப் பெயரும் ஒரே வெளுப்பில் வந்து நின்றன. நான் கைக்குட்டையால் திரையைத் துடைத்தேன். என் அறிவு அவ்வளவுதான். அப்புறம் போன் செய்தேன்.

"இன்னாடா, எல்லாம் ஒரே கலரா கீது?"

"உன் டப்பா மானிட்டர்ல அப்டிதான் தெரியும். இன்னிக்கு எல்லாருமே மெயின் ரோடுதான். பேஜார் பண்ணாத, வை."

அப்படியே டிரைவரிடம் சொன்னேன். சாயங்காலம் மழை. ஊருக்குள் இறங்கவேண்டிய பெண்களும் மெயின் ரோட்டில் இறங்கி, சவுக்குத் தோப்பு ஓரமாக நடந்தார்கள். அவர்களில் ஸ்டெல்லா வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கையோடு ஆபீசுக்கு வந்தாள். "இன்னாண்ணா, உன்ன நம்பித்தான வேன்ல ஏறுனோம்?"

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார். "அவரு என்னாண்ட கேக்கவே இல்ல சார்" என்றான் பாஸ்கர். அவன் என்னை 'அவரு' என்றது அன்றைக்குத்தான். போன் செய்தேன் என்று கத்தினேன். யார் காதில் விழுந்தது? அன்றே என் வேலை போனது.

ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. ஷீட்டெல்லாம் போனிலேயே வருகிறது, எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிகிறது. மாமல்லபுரம் பக்கம் போனாலும் நான் மீன் தின்பதில்லை.

அந்தக் குழுவில் ஸ்டெல்லாவும் இருக்கிறாள். பாஸ்கர், தனியாகப் போன் செய்யாதே, எடுக்கமாட்டேன். நீ சிரித்த அதே குழுவில், அவள் படிக்கிற மாதிரி எழுது: அன்றைக்கு நான் உன்னைக் கேட்டேனா, இல்லையா?