தர்ஷினியிடம் கேட்காமல் அனுப்பிய குறிப்பு

1. பாடாங் செராய் தோட்டப்புறத்தில் நான் கணினிப் பணியாளராக வேலை செய்யும் கிளினிக்கின் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றினேன்.
2. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் பழைய வழக்கப்படி, குடும்பத்துக்கு ஒரே அட்டை, ஒரே கைப்பேசி எண் என்று வைத்தேன்.
3. தூக்கம் வராமல் தவிப்பதைப் பற்றிப் பதினைந்து வயது தர்ஷினி டாக்டரிடம் தனியாகப் பேசினாள். டாக்டர் அதைப் பற்றி எழுதிய குறிப்பு, குடும்ப அட்டையில் இருந்த அவள் அப்பாவின் கைப்பேசி எண்ணுக்குத் தானாகப் போனது.
4. தர்ஷினி சிகிச்சைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

தவறு என்னுடையது என்று ஒப்புக்கொள்ள ஒரு வாரம் ஆனது. தர்ஷினியின் வீட்டுக்கே போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னு இல்லக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா," என்றாள்.

டாக்டரின் சம்மதத்தோடு பதிவுகளைத் தனித்தனியாகப் பிரித்தேன். பெற்றோருக்கு எதைக் காட்டலாம் என்று பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் தனியாகக் கேட்க ஏற்பாடு செய்தேன். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் டாக்டரே பெற்றோரிடம் சொல்வார்.

தர்ஷினி திரும்பி வந்தாள். கூடவே வந்த அப்பா, மகளின் பதிவைக் காட்டச் சொல்லிக் கவுண்டரில் என்னிடம் மல்லுக்கு நின்றார்.

"இவளுக்கு அப்பன் நானா, உங்க கம்ப்யூட்டரா?"

நான் வாய் திறப்பதற்குள் தர்ஷினி சொன்னாள்: "நீங்கதான்ப்பா. மருந்து என்னன்னு நானே காட்டுறேன். டாக்டர்கிட்ட பேசுனது மட்டும் இப்போதைக்கு வேணாம். தோணுறப்ப சொல்றேன்."

அவர் கவுண்டரை விட்டு மகளிடம் திரும்பினார். பிறகு, "சரிலா, காட்டு," என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். என் படிப்பில் எந்தத் தேர்வில் தேறியபோதும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி வந்ததில்லை.

இப்போது, பெற்றோருக்கு எதைக் காட்டலாம் என்று கேட்காமல் எந்தப் பதின்ம வயதுப் பிள்ளையின் பதிவும் எங்கள் கணினியில் திறக்காது. தர்ஷினி மாதந்தோறும் வருகிறாள். அப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டு, வெளியே காத்திருக்கிறார்.