இடது காது சுவர்ப் பக்கம்

டிஜே வேலை என்பது, ஊரே சாப்பிட்டுச் சிரித்து ஆடுகிற இடத்தில் ஒருத்தி மட்டும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்பது. கரண்ட் போய்விடுமோ, லேப்டாப் உறைந்துவிடுமோ, மாப்பிள்ளையின் சித்தப்பா கேட்ட பாட்டு பெண் வீட்டாருக்கு ஆகாத பாட்டாக இருக்குமோ என்று ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு கவலை. சனி, ஞாயிறு வந்தால் வயரும் பெட்டியுமாகக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க அலைகிற சக டிஜேக்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் டிஜே பாமா, பிரிக்பீல்ட்ஸ். ஸ்பீக்கர், மிக்சர், வேன் எல்லாம் என் கூட்டாளி கோபியுடையவை. நான் மேடையோரம் பாட்டுப் போடுவேன். அவர் மண்டபத்தின் மறுகோடியில் மிக்சர் முன்னால் உட்கார்ந்து, நான் அனுப்புகிற சத்தத்தைச் சரிசெய்து ஸ்பீக்கருக்கு விடுவார். அதிகம் பேசாத மனிதர். நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவேன்.

பெரியவர்கள் மேசை எங்கே?

மண்டபத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது மேடையை அல்ல, பெரியவர்களை எங்கே உட்காரவைக்கப் போகிறார்கள் என்பதைத்தான். நம் ஊரில் மரியாதை என்றால் முன்வரிசை. முன்வரிசை என்றால் ஸ்பீக்கருக்கு நேரே. எழுபதைத் தாண்டிய அத்தனை பேரையும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அங்கே உட்காரவைத்துவிட்டு, பிறகு சத்தம் அதிகம் என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். அதனால் மேசைவிரிப்புப் போடும் முன்பே போய் மண்டபக்காரரிடம் கெஞ்சுங்கள். நாலடி தள்ளிப் போட்டாலே பாதித் திட்டு குறையும்.

காஜாங்கில் ஓர் அறுபதாம் பிறந்தநாளுக்குப் போய்ச்சேரத் தாமதமாகிவிட்டது. கெஞ்ச நேரமில்லை. முதல் பாட்டிலேயே முன்மேசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, சட்டைப் பையைத் தட்டிக்கொண்டே என்னிடம் வந்தார். முகத்தில் கோபமே இல்லை. கோபப்படாமல் வருகிற பெரியவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் பயம். என் காதருகே குனிந்து, ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்: "ஹியரிங் எய்ட கழட்டி பாக்கெட்ல போட்டுட்டேன்மா, இப்பவும் நல்லாவே கேக்குது லா."

ஃபிரிட்ஜ் ரிப்பேர்

அதற்குக் கொஞ்ச நாளில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் சத்தம் போட ஆரம்பித்தது. 'ஙீ' என்று மெல்லிய, நிற்காத சத்தம். காலையில் காப்பி போடும்போது கேட்டது. மத்தியானம் சும்மா படுத்திருந்தாலும் கேட்டது. கணவரைக் கூப்பிட்டுக் கேட்டால் தனக்கு எதுவும் கேட்கவில்லை என்றார். நான் பேசுவதே அவருக்குப் பாதி நேரம் கேட்காது, அதனால் அந்தச் சாட்சியை நான் ஏற்கவில்லை. பூச்சோங்கிலிருந்து ஒரு ரிப்பேர்காரரை வரவழைத்தேன்.

நல்ல மனிதர். ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்துப்போட்டு, பின்பக்கத் தகட்டைக் கழற்றி, காதை வைத்துக் கேட்டார். கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறது என்றார். நான் விடவில்லை. இருபத்துநாலு மணி நேரமும் சத்தத்தோடு பிழைக்கிறவளிடமே சத்தமில்லை என்று சொல்கிறீர்களா என்று எகிறினேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு எழுந்து, ஒரு மாதிரி என் முகத்தைப் பார்த்தார். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பிளக்க அப்பவே புடுங்கிட்டேன்கா, இப்பவுமா கேக்குது?"

பட்டனை அழுத்துங்கள்

எத்தனை வருடமாக இடது பக்கத்து மானிட்டர் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன்! பிரிக்பீல்ட்ஸில் நான் வெள்ளிக்கிழமைதோறும் வாசித்த கிளப்பில் டிஜே மேடை ஒரு அலமாரி அளவுதான். ஹெட்போனை வலது காதில் மாட்டினால் இடது காது ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். காதுக்கு அடைப்பான் போடச் சொன்னவர்களைப் பார்த்துச் சிரித்தவள் நான். பாட்டே புரியாமல் எப்படிப் பாட்டுப் போடுவது என்று வாய் பேசினேன்.

காதைச் சோதிக்கக் கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்னக் கண்ணாடி அறை. ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்துங்கள் என்று சொல்லி, சோதிக்கிற பெண் கதவைச் சாத்தினாள். பள்ளியிறுதி எஸ்பிஎம் பரீட்சையில்கூட எனக்கு அப்படி வேர்க்கவில்லை. வலது காது சுலபமாக முடிந்தது. இடது காதில் முதல் நாலைந்து சத்தம் கேட்டது. அதற்குள் அவை எந்த இடைவெளியில் வருகின்றன என்று என் மூளை கணக்குப் போட்டுவிட்டது. தொழில் புத்தி! அடுத்து எங்கே வரும் என்று தெரிந்தால் கேட்க வேண்டிய அவசியமே இல்லையே. தாளம் பிசகாமல் பட்டனை அழுத்திக்கொண்டே போனேன். எப்படியாவது பாஸாகிவிட வேண்டும் என்கிற வெறி. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. "மேடம், அஞ்சாவதுக்கு அப்புறம் நான் சவுண்டே கொடுக்கலையே?" என்றாள்.

தலையாட்டாதீர்கள்

திரும்பவும் சோதித்தார்கள். இடது காதில் உயர்ந்த ஸ்தாயி, நம் மிக்சர் பாஷையில் ட்ரெபிள், கேட்பது போய்விட்டது. போனது வராது, இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்று டாக்டர் சொன்னார். அந்த 'ஙீ' இரைச்சலும் கூடவே இருக்கும், பழகிக்கொள்ளுங்கள் என்றார். வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னேன். தொழிலில் மூச்சு விடவில்லை. நம் பிழைப்பு வாய்வழிப் பிழைப்பு என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கல்யாணத்தில் பார்த்தவர் அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறார், அவ்வளவுதான். 'அந்தப் பொண்ணுக்குக் காது போச்சாம் லா' என்று ஒருவர் சொன்னால் போதும், நான் வயரைச் சுருட்டி முடிப்பதற்குள் ராவாங்கிலிருந்து பந்திங் வரைக்கும் போய்ச்சேர்ந்துவிடும். அதன்பின் யார் கூப்பிடுவார்கள்? இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது என்பது ஒரு பக்கம். இந்த வேலையை விட எனக்கு மனசில்லை என்பதுதான் பெரிய பக்கம். ஒருவரும் எழுந்திருக்காத கூட்டத்தில் முதல் ஆன்டி செருப்பைக் கழற்றிவிட்டு ஆட வருகிற நொடி இருக்கிறதே, அதற்காக நான் எவ்வளவு பயத்தையும் தாங்குவேன்.

ஆகவே ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். என் டிஜே மேசையை எப்போதும் இடது பக்கம் சுவரை ஒட்டிப் போடுவது. பாட்டுக் கேட்டு வருகிறவர்கள் வலது பக்கமாகத்தான் வந்தாக வேண்டும். கேட்டால், வயர் காலில் தட்டாமல் இருக்க என்று சொல்லிக்கொள்வேன். கிள்ளானில் ஒரு மாடி ரெஸ்டாரண்டில் மட்டும் அது பலிக்கவில்லை. பிளக் வலது சுவரில் இருந்தது. இடது பக்கம் அகலத் திறந்து கிடந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மஞ்சள் புடவை கட்டிய ஓர் ஆன்டி அந்தப் பக்கமாக வந்து என்னவோ கேட்டார். ஒரு வார்த்தை புரியவில்லை. இன்னொரு முறை கேட்கப் பயந்துகொண்டு, சிரித்து, நன்றாகத் தலையாட்டி வைத்தேன். பிறகுதான் யோசித்தேன். எதற்குத் தலையாட்டினேன்? பாட்டை நிறுத்தச் சொன்னாரா? கேக் வெட்டப் போகிறார்களா? மண்டபம் முழுக்க அந்த மஞ்சள் புடவையையே தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஆன்டியே மேடையேறி மைக்கை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று பாட்டு. இறங்கி வரும்போது என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுச் சொன்னார்: "நான் ஒரு பாட்டுக்குத்தான்மா கேட்டேன், நீ ஆட்டின ஆட்டத்துக்கு மூணாவது பாடணும் போல இருந்துச்சு."

பாங்கு முடிந்ததா?

மண்டபத்துக்குப் பக்கத்தில் சூராவ் இருந்தால், அங்கே பாங்கு ஆரம்பித்ததும் நாம் பாட்டை நிறுத்துவோம். தொழுகைக்கு அழைக்கும் குரல் ஓய்ந்த பிறகுதான் மறுபடி ஆரம்பிப்போம். யாரும் எழுதி வைத்த விதியில்லை, ஆனால் இந்த ஊரில் டிஜேயாக இருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். விருந்தாளிகளுக்கும் பழக்கம். அந்த நேரத்தில் சூப் வரும், ஆன்டிகள் பேச்சை ஆரம்பிப்பார்கள். எல்லோருக்கும் அது ஓய்வு. எனக்கோ மண்டபம் அடங்க அடங்க காதுக்குள் இரைச்சல் ஏறும். ஏர்கானும் ஓடுகிற மூடிய மண்டபத்தில், தூரத்துப் பாங்கு எது, என் இரைச்சல் எது என்று பிரிக்க முடியாது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். பெரும்பாலும் கோபி எழுந்துபோய்க் கதவோரம் நின்று கேட்பார். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தால், முடிந்தது என்று அர்த்தம்.

பூச்சோங்கில் ஒரு கல்யாண விருந்து. பாங்கு முடிந்த கையோடு மணமக்கள் உள்ளே வர வேண்டும். அவர்கள் கதவுக்கு வெளியே தயாராக நிற்கிறார்கள், தோழிகள் பூத்தட்டோடு இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். கடிகாரம் பார்த்துப் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினேன், கோபி இல்லை. வேனிலிருந்து எதையோ எடுக்கப் போயிருந்தார். ஒற்றையாக நின்றேன். பாங்கு நடுவே பாட்டைப் போட்டுவிட்டால் அந்த வீட்டாருக்கு எவ்வளவு பெரிய தலைகுனிவு! போடாமலே நின்றால்? நல்ல காதைக் கதவுப் பக்கம் திருப்பினேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். 'ஙீ'. அதைத் தவிர ஒன்றுமில்லை. விரல் பட்டன் மேலேயே இருந்தது. அறிவிப்பாளர் என்னைப் பார்த்தார், நான் கைகாட்டிப் பொறுக்கச் சொன்னேன். பூத்தட்டு ஏந்திய பெண்கள் கை மாற்றிக்கொண்டார்கள். மேசைகளில் பேச்சு நின்று, ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. பெண்ணின் அம்மாவே புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். கரண்ட் இல்லையா என்று கேட்டார். பாங்கு முடியட்டும் ஆன்டி என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது முடிஞ்சு எவ்ளோ நேரமாச்சும்மா, பொண்ணு வெளிய அழுதுகிட்டு நிக்குறா."

பிரியாணித் தட்டு

பாட்டைப் போட்டேன். பெண் வந்தாள், பூ தூவினார்கள், எல்லோரும் கை தட்டினார்கள். அவள் கண்மை கலங்கியிருந்ததை மட்டும் என்னால் பார்த்துத் தாங்க முடியவில்லை. வாழ்த்துரைகள் ஆரம்பித்ததும் எனக்கு வேலையில்லை. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். இனி ஒருவரும் கூப்பிடமாட்டார்கள், கோபியின் பெயரும் சேர்ந்து கெட்டது என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பல நாளாகக் காது விஷயத்தை மறைத்து வைத்து, அவருடைய பிழைப்பையும் அல்லவா பணயம் வைத்துவிட்டேன்?

கோபி இரண்டு தட்டு பிரியாணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு தட்டை என் மடியில் வைத்தார். எனக்கு வலது பக்கமாகத்தான் உட்கார்ந்தார். எப்போதும் அப்படித்தான் உட்காருகிறார் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், என் எடது காது..." என்று ஆரம்பித்தேன். தெரியும் என்றார். யார் சொன்னது, எப்போதிலிருந்து தெரியும் என்று கிட்டத்தட்டக் கத்தினேன். மேடையில் மாப்பிள்ளையின் மாமா வாழ்த்திக்கொண்டிருந்தார். கோபி ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார். "போன தீபாவளிலேர்ந்து உங்க சவுண்டு ஊசி மாதிரி வருது, டிஜே. நீங்க அங்க ஏத்துற ட்ரெபிள நான் இங்க எறக்கிக்கிட்டுதான் இருக்கேன். சாப்புடுங்க, ஆறிடும்."

இப்போது அடைப்பான் போட்டுக்கொண்டுதான் மேடையேறுகிறேன். நீங்களும் இன்றைக்கே வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், பஞ்சு, டிஷ்யூ எதுவும் உதவாது. காலையில் எழுந்ததும் வலது காதருகே விரலை உரசிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. கேட்டால்தான் அன்றைக்குக் காப்பி இறங்குகிறது. அந்தப் பயம் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஊரார் ஆடுவதற்காக இத்தனை வருடம் நான் போட்ட சத்தத்தில் எனக்கென்று மிஞ்சியது முழுசாக ஒரு காதும், வாயைத் திறக்காத ஒரு கோபியும்தான்.