புதுச் சுவருக்குத் தண்ணீர்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையை இடித்துக் கட்டியபோது, என் மனைவிக்கு மிகவும் பிடித்த வேலை புதுச் சுவருக்குத் தண்ணீர் விடுவதுதான். ஜன்னலே இல்லாத அறையில் இருபத்தைந்து வருடம் சமைத்தவள். காலையும் மாலையும் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் வெறுங்காலோடு நின்று, பூச்சு வெடித்துவிடாமல் சுவரை நனைப்பாள். எங்கள் மகளைக்கூட அவ்வளவு பதமாகக் குளிப்பாட்டியதில்லை.

ஒரு நாள் காலை உள்ளே வந்து, "ஏங்க, சுவத்தத் தொட்டா கை சுள்ளுங்குது" என்றாள், சாம்பாரில் உப்புக் குறைவு என்று சொல்வதைப் போல. டெஸ்டரை எடுத்துப்போய் வைத்துப் பார்த்தேன். எரிந்தது. மெயினை அணைத்துவிட்டு, அவள் கையில் இருந்த குழாயைப் பிடுங்கி எறிந்தேன்.

குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போன மாதம்தான் மின்வாரிய ஆட்கள் கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் புது ஒயர் இழுத்திருந்தார்கள். ஒரு கை பார்த்துவிடுவது என்று வரிந்துகட்டிக்கொண்டு மின்வாரிய ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்த பொறியாளர் அம்மா, நான் மூச்சு வாங்குகிறவரை பொறுமையாகக் கேட்டார்.

"மெயினை அணைச்சதும் ஷாக் நின்னுச்சா சார்?"

"நின்னுச்சு."

"அப்போ கோளாறு மீட்டருக்கு அந்தப் பக்கம் இல்ல. உங்க பக்கம். இருந்தாலும் ஆள் அனுப்புறேன், பாத்துட்டுச் சொல்லட்டும்."

எனக்குக் கோபம் இரட்டிப்பானது. லைன்மேனை என் ஸ்கூட்டரிலேயே பின்னால் ஏற்றிக்கொண்டு, வழி நெடுக அவர் இலாகாவைப் பற்றி அவருக்கே பாடம் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்தவர் மீட்டர் பெட்டியைப் பார்த்தார். அங்கிருந்து கிளம்பிய எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டே கொல்லைப்புறம் போனார். கம்பி தண்ணீர்க் குழாயில் போய் முடிந்தது.

"இந்தப் பைப்பு எப்போ மாத்துனீங்க சார்?"

"போன மாசம். பழைய இரும்புப் பைப்பு துருப்பிடிச்சுப் போச்சு. தில்லை நகர்ல நானே அலைஞ்சு வாங்குனது. உசத்தி பிளாஸ்டிக்."

"எர்த்து கம்பிய இதுல கட்டுனது?"

"நான்தான்" என்றேன் பெருமையாக. மூன்று சுற்றுச் சுற்றி, மேலே டேப்கூட ஒட்டியிருந்தேன்.

"பிளாஸ்டிக்ல கரண்ட் போகாதுங்க. சுவத்த இடிக்கையில உள்ள பழைய ஒயர் அடிபட்டிருக்கும். அதுல கசியுற கரண்ட்டு மண்ணுக்குப் போக வழியில்லாம ஈரச் சுவத்துலயே நிக்குது."

பத்தாம் வகுப்பில் படித்ததுதான். என் மனைவியைக் கொல்லப் பார்த்தது நானேதான் என்று புரிந்தபோது செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் நின்றிருந்த அவளோ சிரிப்பை அடக்க முடியாமல் லைன்மேனிடம் கேட்டாள்: "ஆபீஸ்ல எவ்வளவு நேரம் கத்துனார்?"

"அரை மணி இருக்கும்மா. வர்ற வழியில தனி."

லைன்மேன் மீட்டரருகே இருந்த ஃபியூஸைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். பழைய ஒயரை எடுத்துவிட்டு, எர்த்துக்குத் தனிக் குழி போட்ட பிறகுதான் தருவேன் என்று சொல்லிவிட்டார். எலக்ட்ரீஷியன் வந்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாததால், அந்த இரண்டு நாளும் பக்கத்து வீட்டிலிருந்து குடம் குடமாக நான் சுமக்க, அவள் சுவரை நனைத்தாள். அதில் அவளுக்கு இருந்த குஷியைச் சொல்லி மாளாது.

மூன்றாம் நாள் ஃபியூஸ் திரும்ப வந்தது. லைன்மேன் சோதித்துவிட்டு, "தொடலாம்மா" என்றார். அவள் கையை நனைத்துக்கொண்டு வந்தாள். நான் குறுக்கே புகுந்து, என் ஈரக் கையை முதலில் வைத்தேன். சில்லென்ற சுவர், அவ்வளவுதான். அவள் என் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள்.

"எர்த்துக் குழி காயாம அப்பப்போ தண்ணி ஊத்துங்கம்மா" என்றார் லைன்மேன்.

"அது அவர் வேலை" என்று குடத்தை என்னிடம் நீட்டினாள்.

இன்றுவரை என் வேலைதான். காலையில் ஒரு குடம் ஊற்றிவிட்டு நிமிர்ந்தால், புது ஜன்னல் வழியாகத் தெரிவாள். ஈரக் கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, பால் பொங்குவதற்காகக் காத்து நிற்பாள்.