காவல்காரியைத் தேடும் எலியம்மா

நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்ததும் எலியம்மா மூச்சை அடக்கிக்கொள்வார். பக்கத்து மேசையில் வேலை செய்யும் நான் இருமிவிட்டால் போச்சு. "ஷ்ஷ்! இப்பத்தான் தலையைக் காட்டுறா, ஓடிடப் போறா" என்பார். சாயம் ஏற்றிய செல் எங்கே ஓடும்?

ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளோடு மாரடிப்பவர் என்பதால் அவருடைய தம்பி சூட்டிய பட்டப்பெயர் அது. எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. கோபம் மூக்கின்மேல் இருக்கும். மாதிரிகளைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் மக்கர் செய்தால் "வாடா செல்லம்" என்று தட்டிக்கொடுப்பார். அந்தச் சலுகை எங்களுக்குக் கிடையாது. சில நாள் ஒரு காலில் நீலச் செருப்பும் மறு காலில் கறுப்புமாக வருவார். "காலுக்கு என்ன தெரியப்போகுது, விடு."

அவர் வருஷக்கணக்காகத் துரத்துவது ஒரே ஒரு நொதியை. ஹீம் ஆக்சிஜனேஸ் என்று பெயர். அவருக்கு அது 'காவல்காரி'. தசை நசுங்கினால் அதிலுள்ள செந்நிறப் பொருள் இரத்தத்தோடு சிறுநீரகத்துக்குப் போய்ச் செல்களை அரிக்கும். அடிபடும் அந்தச் செல்களே இந்த நொதியை அவசரமாகச் செய்து நஞ்சை உடைக்கப் பார்க்கும். நொதி இல்லாமல் பிறந்த எலிகள் தாக்குப்பிடிப்பதில்லை. "சும்மா இருக்கிறப்ப தேடினாலும் அகப்பட மாட்டா. அடி விழுந்ததும் எங்கேருந்துதான் வருவாளோ!" என்று கையை நீட்டுவார். உண்மையிலேயே புல்லரித்திருக்கும்.

போன மழைக்காலத்தில், பட்டப்பெயர் சூட்டிய அந்தத் தம்பி வேலை பார்த்த சரக்குக் கிடங்கின் சுவர் இடிந்து அவர் கால்கள்மேல் விழுந்தது. வெளியே எடுத்தபோது நன்றாகத்தான் பேசினார். மறுநாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. பிறகு அடியோடு நின்றது. டயாலிசிஸ் தொடங்கினார்கள்.

நான் பார்க்கப் போனபோது எலியம்மா கட்டிலருகே ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"உங்க காவல்காரி இருக்காளே மேடம்" என்றேன்.

"இருக்கா. அவ எவ்வளவு தாங்குவாளோ, யாருக்குத் தெரியும்? எலின்னா வெட்டிப் பாத்துடுவேன். இவனை என்ன பண்றது?"

தம்பி கண்ணைத் திறக்காமலே, "சிஸ்டர், அக்கா கையில கத்தி இருந்தா முதல்ல பிடுங்குங்க" என்றார்.

செவிலி சிரித்தார். எலியம்மாவும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாரங்கள் போயின. டயாலிசிஸ் நடந்துகொண்டே இருந்தது. ஒரு காலை நான் மறுபடி போனபோது, கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையைச் செவிலி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். குழாயில் மஞ்சளாக ஒரு சொட்டு இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. சற்று நேரத்தில் பையின் அடி நிறைந்தது. மருத்துவர் வந்து பார்த்து, "சிறுநீரகம் முழிச்சுக்கிச்சு. இனிமே பயமில்லை" என்றார்.

"என்னக்கா, உன் ஆளு ஜெயிச்சுட்டாளா?" என்றார் தம்பி.

எலியம்மா தரையில் மண்டியிட்டு, பையின் அடியில் உள்ளங்கையை ஏந்தி, அந்த இளஞ்சூட்டைத் தாங்கியபடி இருந்தார்.